கார்ட் தயார், மெட்டு எங்கே? (கேள்வி பதில்)

கணினியில் இசையமைக்கப் பழகுபவர்கள் கேட்டவையும், அவற்றுக்கான பதில்களும். கார்ட் என்பது சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்; சி, டி, ஈ போன்றவை சுரங்களின் மேற்கத்தியப் பெயர்கள். பார் என்பது இங்கே நான்கு பீட் கொண்ட ஒரு தாளச் சுற்று. பியானோ ரோல் என்பது நோட்டுகளைக் கட்டங்களில் எழுதும் திரை.

கேள்வி: ஐயா, சி, ஜி, ஏ மைனர், எஃப் என்று பாருக்கு ஒரு கார்டாகப் போட்டுவிட்டேன். மெட்டு எழுதப் பியானோ ரோலைத் திறந்தால் கை ஓடவில்லை. எங்கே தொடங்குவது?

பதில்: பியானோ ரோலை மூடிவிட்டுத் தொடங்குங்கள். நான்கு பாரையும் லூப்பில் ஓடவிட்டு, வாய்க்கு வந்த தத்தகாரத்தில் முனகிக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். கட்டங்களைப் பார்த்தபடி எழுதும் மெட்டில் பெரும்பாலும் மூச்சு விட இடம் இருக்காது.

முனகலும் வரவில்லையா? ஒவ்வொரு பாரின் முதல் பீட்டிலும் அந்தக் கார்டுக்குள் இருக்கும் ஒரு சுரத்தை வையுங்கள். சி கார்டில் ஈ, ஜி கார்டில் டி, ஏ மைனரில் சி, எஃப்பிலும் அதே சி. கடைசி இரண்டு பாரிலும் சுரம் ஒன்றுதான். ஆனால் ஏ மைனரில் அது மூன்றாம் சுரம், எஃப்பில் ஐந்தாம் சுரம். கேட்கும்போது நிறமே மாறிவிடும். கார்ட் மாறும்போதெல்லாம் மெட்டும் தாவியாக வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை வாசித்துப் பார்க்கட்டும்.

கேள்வி: அண்ணா, அப்படியே போட்டேன். தப்பில்லை, ஆனால் உயிரும் இல்லை.

பதில்: இடையில் ஒன்றும் நடக்கவில்லையே! முதல் பாரில் ஈ-யில் ஒன்றரை பீட் நின்று, எஃப்-ஐ அரை பீட் தொட்டு, ஜி ஒரு பீட், மறுபடி ஈ ஒரு பீட். அடுத்த பாரில் இதே தாளக்கட்டை டி-யிலிருந்து தொடருங்கள். சி கார்டில் எஃப் என்ற சுரம் இல்லை. தொட்டு நகர்ந்தால் அழகு. அதிலேயே இரண்டு பீட் நின்றால் கார்டில் உள்ள ஈ-யோடு உரசும். நான்காம் பாரில் பாதியைக் காலியாக விடுங்கள். பாடகருக்கும் நுரையீரல் உண்டு.

கேள்வி: எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருளில் மெட்டு எழுதும்போது கார்ட் கண்ணுக்குத் தெரியவில்லை.

பதில்: கார்டும் மெட்டும் ஒரே பேட்டர்னில் (சிறு இசைத்துண்டில்) இருக்கட்டும். பியானோ ரோலில் ஆல்ட், வி இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மற்ற சேனலின் (கருவியின்) நோட்டுகள் மங்கலாகப் பின்னால் தெரியும்.

கேள்வி: என் மெட்டு கார்டுக்குள் மூழ்கிவிடுகிறது. ஒலியைக் கூட்டியும் பயனில்லை.

பதில்: இரண்டும் ஒரே ஸ்தாயியில் முட்டிக்கொள்கின்றன. மெட்டை ஓர் ஆக்டேவ் ஏற்றுங்கள், அல்லது கார்டை இறக்குங்கள். கார்டின் வெலாசிட்டியையும் (நோட்டை அழுத்தும் பலத்தையும்) குறையுங்கள். எல்லா நோட்டும் நூறில் நின்றால் எதுவும் முன்னால் வராது.

கேள்வி: சார், நான் கர்நாடக சங்கீதம் கற்றவள். இதே நான்கு கார்டின் மேல் கல்யாணி ராகம் பாடலாமா?

பதில்: எஃப் கார்ட் இடிக்கும், அம்மா. சி-யை ஷட்ஜமாக (ஸ) வைத்தால் எஃப் என்பது சுத்த மத்தியமம் (ம). கல்யாணிக்கு வேண்டியதோ பிரதி மத்தியமம், அதாவது எஃப் ஷார்ப். அந்த இடத்தில் டி மேஜர் போடுங்கள். அதில் எஃப் ஷார்ப் இருக்கிறது. ஆனால் டி-யும் ஜி-யும் அடுத்தடுத்து வந்தால் காது ஜி-யையே ஷட்ஜமாக எடுத்துக்கொண்டு, சங்கராபரணமாகக் கேட்கத் தொடங்கிவிடும். பேஸில் (கீழ்ச் சுரத்தில்) சி-யைத் தம்பூரா போல விடாமல் ஒலிக்க விடுங்கள். கமகத்துக்குப் பிட்ச் பெண்ட் (சுரத்தை வளைக்கும் வசதி) உண்டு. பல கருவிகளில் அது மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் வரைதான் வளையும். போதாவிட்டால் அமைப்பில் கூட்டிக்கொள்ளலாம். மவுஸால் வரைந்த கமகம் எனக்குப் பிடிக்காது. பாடிப் பதிவு செய்வதே மேல்.

கேள்வி: குவாண்டைஸ் செய்தால் (நோட்டுகளைத் தாளக் கட்டத்துக்கு இழுத்துப் பொருத்தினால்) இயந்திரம் போல் இருக்கிறது, செய்யாவிட்டால் தாளம் தப்புகிறது.

பதில்: முழுவதும் இழுக்காமல் ஐம்பது, அறுபது சதவீதம் மட்டும் இழுங்கள். பாரின் முதல் நோட்டைக் கையால் சரிசெய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கேள்வி: மெட்டைத் தானாக உருவாக்கும் பொத்தானைப் பயன்படுத்தலாமா?

பதில்: தாராளமாக. அது தரும் பத்தில் ஒன்றை எடுத்து, பாடிப் பாருங்கள். பாட வராத இடத்தை வெட்டுங்கள்.