நின்று நின்று ஆடும் ஆட்டம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகளும் மருமகனும் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில் இருக்கிறார்கள். வருகிற அக்டோபரில் நானும் என் மனைவியும் அங்கே போகிறோம். பல்கலைக்கழக மைதானத்தில் நடக்கும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்கு மருமகன் நால்வருக்கும் டிக்கெட் எடுத்து வைத்துவிட்டார். இளமையில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பந்தாட்டம் எங்கே நடந்தாலும் கேலரியில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தவன் நான். ஆனால் இந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் சிறிது பார்த்தபோது, ஓடியதைவிட நின்றதே அதிகம் என்று பட்டது. மூன்று மணி நேரம் உட்கார்ந்து எதைத்தான் பார்ப்பது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கொழிஞ்சாம்பாறை

பதில்: தங்களுக்குப் பட்டது சரிதான். பகுதிக்கு 15 நிமிடமாக நான்கு பகுதிகள், ஆக மொத்தம் 60 நிமிடம் என்பது கடிகாரக் கணக்கு. ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது மூன்று மணி நேரம் கடந்திருக்கும். அதில் பந்து உண்மையாகவே நகர்ந்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் கால் மணி நேரம்கூடத் தேறாது. செவன்ஸ் பார்த்துப் பழகியவர் பந்தின் பின்னாலேயே கண்ணை ஓட்டுவார். அதே பழக்கத்தோடு இங்கே உட்கார்ந்தால் கொட்டாவிதான் வரும். இதைக் கபடி என்று நினைத்துக்கொண்டு போங்கள்: ஒருவர் பாடிச் செல்வதும் பிடிபடுவதும் சில நொடிகளில் முடிந்துவிட, அடுத்த பாட்டுக்கு முன் இரு தரப்பும் கோட்டை எப்படிக் காப்பது, எப்படிக் கடப்பது என்று கணக்குப் போடுகிறதே, அந்தக் கணக்குதான் இந்த ஆட்டத்தின் உயிர்.

விதிகள் ஒரு புத்தகமளவு உண்டு. தாங்கள் ஒன்றே ஒன்றை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டால் போதும். பந்தைக் கையில் ஏந்தி ஓடியோ எறிந்தோ முன்னேறும் இந்த ஆட்டத்தில், பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 யார்டு, அதாவது ஏறக்குறைய 9 மீட்டர், முன்னேறியாக வேண்டும். முன்னேறிவிட்டால் புதிதாக இன்னும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இப்படி அடி அடியாக நகர்ந்து 100 யார்டு நீளமுள்ள களத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் அது டச்டவுன், 6 புள்ளி. அதன் பிறகு கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் கூடுதலாக 1, உதைக்காமல் மறுபடியும் கோட்டைத் தாண்டினால் 2. எல்லை வரை போக முடியாது என்று தெரியும்போது தூரத்திலிருந்தே கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுப்பதும் உண்டு. மற்றவற்றை மருமகனிடம் கேட்டுக்கொள்ளலாம். கேட்டால் மருமகனுக்கும் மகிழ்ச்சியாக இருக்கும்.

இனி அந்த நிறுத்தங்களுக்கு வருகிறேன். ஒரு மோதல் முடிந்து அடுத்தது தொடங்க ஏறத்தாழ 40 நொடிகள் இருக்கும். அந்த 40 நொடிகளில் புள்ளிப் பலகையைப் பார்த்து, இது எத்தனையாவது வாய்ப்பு, இன்னும் எத்தனை யார்டு வேண்டும் என்ற இரண்டே எண்களைப் படித்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வார்கள் என்று தாங்களே ஒரு முடிவுக்கு வந்துவிடுங்கள். மூன்றாவது வாய்ப்பு, 2 யார்டுதான் பாக்கி என்றால், பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடுவில் முட்டிப் பாய்வதற்கே வாய்ப்பு அதிகம்; 12 யார்டு பாக்கி என்றால் பெரும்பாலும் தூர எறிவார்கள். எதிரணிக்கும் இது தெரியும் என்பதால், முதல் சூழலில் அவர்கள் கோட்டருகே நெருங்கி நிற்பதையும், இரண்டாவதில் பின்னால் பரவி நிற்பதையும் மேலிருந்து தெளிவாகக் காணலாம். இதையெல்லாம் தெரிந்துகொண்டு, எறிவதுபோல் கையை ஓங்கிவிட்டுப் பந்தை ஓடுபவரிடம் ரகசியமாகத் திணிப்பதும் நடக்கும். நாம் ஊகித்தது பலித்தாலும் இன்பம். ஏமாந்துபோனால் அதைவிட இன்பம். நான்காவது வாய்ப்பில் பெரும்பாலான அணிகள் பந்தை எதிரணிப் பக்கம் தொலைதூரம் உதைத்து அனுப்பிவிடும். உதைக்காமல் துணிந்து ஆடப் போகிறார்கள் என்று தெரிந்தால், அப்போது கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுவிடுங்கள்.

தொலைக்காட்சியில் களத்தின் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு தெரிந்திருக்கும். அது 1998 முதல் கணினி மூலம் திரையில் வரையப்படுவது. நேரில் தரையில் அப்படி ஒரு கோடு இருக்காது. முதன்முறை போகிறவர்கள் அதைத் தேடித் தடுமாறுகிறார்கள். அதற்குப் பதிலாகப் பக்கவாட்டுக் கோட்டைப் பாருங்கள். ஆரஞ்சு நிறம் பூசிய இரண்டு கம்புகளை ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, நடுவே 10 யார்டு நீளச் சங்கிலியோடு இருவர் நிற்பார்கள். முன்னால் நிற்கும் கம்புதான் எட்ட வேண்டிய இடம். பந்து அதைத் தொட்டதா இல்லையா என்ற ஐயம் வரும்போது அந்தச் சங்கிலியைக் களத்துக்கு நடுவே கொண்டுவந்து நீட்டி அளப்பதும் உண்டு. இரண்டு விரற்கடை குறைந்ததற்காக ஒரு லட்சம் பேர் ஒன்றாகப் பெருமூச்சு விடுவதைத் தொலைக்காட்சி ஒருநாளும் காட்டிவிட முடியாது.

ஒரு லட்சம் என்று மிகையாகச் சொல்லவில்லை. ஆன் ஆர்பர் மைதானம் 1927-இல் திறக்கப்பட்டது. இன்றைய கொள்ளளவு 1,07,601. அமெரிக்காவிலேயே பெரியது இதுதான். பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே அமைந்திருப்பதால் வெளியிலிருந்து பார்க்கும்போது இத்தனை பெரிதாகத் தெரியாது. வாசலைத் தாண்டி உள்ளே இறங்கும்போதுதான் அதன் அளவு விளங்கும். ஆட்டம் தொடங்க அரை மணிக்கு முன்பே இருக்கைக்குப் போய்விடுங்கள். மாணவர்களின் வாத்தியக் குழு அணிவகுத்து இறங்குவது அப்போதுதான்; கல்லூரி ஆட்டத்தின் 20 நிமிட இடைவேளையிலும் அவர்களே களத்தை நிறைப்பார்கள். இடைவேளை விட்டதும் தின்பண்டம் வாங்க ஓடுகிறவர்கள் பாதி விழாவைத் தவறவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

உட்காருவது பெரும்பாலும் நீளப் பலகைகளில்தான். இடம் நெருக்கமாக இருக்கும். அக்டோபரில் வெயில் இருந்தாலும் காற்று குளிரும். நிழல் விழுந்தால் உடம்பு நடுங்கும். ஊட்டிக்குப் போட்டுக்கொண்டு போன சுவெட்டர் ஒன்று மட்டும் போதாது. அதன் மேல் காற்றுப் புகாத ஒரு மேலாடையும் வேண்டும். அது நீலமாகவோ மஞ்சளாகவோ இருந்தால் அந்தப் பல்கலைக்கழகத்தின் நிறமாகவும் அமைந்துவிடும்.

கேள்வி: டல்லாஸில் இருக்கும் மகன், நவம்பரில் வரும் நன்றி தெரிவிக்கும் நாளன்று எங்களைப் பெரிய மைதானத்துக்கு அழைத்துப் போகப் போவதாகச் சொல்கிறான். எனக்கு மூட்டுவலி, சாப்பாட்டில் சைவம். என்ன எடுத்துப் போகலாம்?
– இல்லத்தரசி, கொல்லங்கோடு

பதில்: நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமையான அந்த நாளில் ஆட்டம் பார்ப்பது அங்கே பண்டிகைச் சமையலுக்கு அடுத்த சடங்கு. டெட்ராய்ட் அணி 1934 முதலும், டல்லாஸ் அணி 1966 முதலும் அன்று சொந்த மண்ணில் ஆடி வருகின்றன. இடையில் டெட்ராய்ட் 1939 முதல் 1944 வரையும், டல்லாஸ் இரண்டு ஆண்டுகளும் விட்டன. டல்லாஸ் அணியின் மைதானம் அருகிலுள்ள ஆர்லிங்டனில் 2009-இல் திறக்கப்பட்டது. கூரை மூடக்கூடியது என்பதால் தங்களுக்குக் குளிரைப் பற்றிய கவலை வேண்டாம். நடையைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து இருக்கைக்கும் நிறையவே நடக்க வேண்டியிருக்கும். டிக்கெட் எடுக்கும்போதே படி ஏறத் தேவையில்லாத வரிசையைக் கேட்டு வாங்கும்படி மகனிடம் இன்றே சொல்லிவிடுங்கள்; பிறகு மாற்றுவது கடினம்.

தொழில்முறை ஆட்டங்களுக்குக் கைப்பை விஷயத்தில் கெடுபிடி உண்டு. 2013 முதல் உள்ளே இருப்பது வெளியே தெரியும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பையைத்தான் அனுமதிக்கிறார்கள். அதன் அளவும் 12 அங்குல நீளம், 12 அங்குல உயரம், 6 அங்குல அகலத்துக்குள் இருக்க வேண்டும். கையகலப் பர்ஸ் தனியாக வைத்துக்கொள்ளலாம். நமது பெண்கள் தோளில் மாட்டும் பெரிய துணிப்பையை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு வைத்துக்கொண்டு சோதனையின்போது தாங்களாகவே எடுத்துக் காட்டிவிடுவது நல்லது.

வீட்டுச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக முடியாவிட்டாலும் அதற்கு வேறோர் இடம் இருக்கிறது. ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பே வந்து, வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்து, அடுப்பு மூட்டி, சமைத்துச் சாப்பிட்டு, முன்பின் தெரியாதவர்களோடு பேசிக் களிப்பது அந்த நாட்டு வழக்கம், டெயில்கேட்டிங் என்பார்கள். ஆட்டத்தைவிட இதற்காகவே வருகிறவர்களும் இருக்கிறார்கள். தங்கள் புளியோதரைக்கும் தயிர்சாதத்துக்கும் அதுவே இடம். பக்கத்து வண்டிக்காரருக்கும் ஒரு தட்டு கொடுங்கள், பேச்சு தானாக வளரும். உள்ளே சோளப்பொரி, உருளைக்கிழங்கு வறுவல், உப்புத் தூவிய பிரெட்செல் ஆகியவை கிடைக்கும். பீன்ஸ் என்று எழுதியிருப்பதில் இறைச்சி கலந்திருக்கலாம். கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கேள்வி: என் அக்கா லண்டனில் செவிலியர். அங்கேயும் இந்த ஆட்டம் நடக்கிறது என்கிறாரே, அமெரிக்கா போகாமல் அங்கேயே பார்த்தால் போதாதா?
– கல்லூரி மாணவர், களியக்காவிளை

பதில்: ஆட்டம் அசல்தான். 2007 அக்டோபர் 28 அன்று வெம்பிளியில் நியூயார்க்கும் மயாமியும் ஆடியதிலிருந்து லண்டனில் தொழில்முறை லீக் ஆட்டங்கள் நடந்து வருகின்றன. 2025 செப்டம்பரில் அயர்லாந்தின் டப்ளின் நகரத்துக் குரோக் பார்க் மைதானத்திலும் நடந்தது. 2019-இல் திறக்கப்பட்ட டாட்டன்ஹாம் மைதானத்தை இந்த ஆட்டத்தையும் மனத்தில் வைத்தே கட்டினார்கள்: மேலே உள்ள புல்தரை மூன்று துண்டுகளாகப் பிரிந்து பார்வையாளர் மாடத்துக்கு அடியில் நழுவிப் போக, கீழே இதற்கென்றே அமைத்த செயற்கைத் தரை இருக்கிறது.

வேறுபாடு கூட்டத்தில்தான். லீகில் உள்ள 32 அணிகளின் சட்டைகளையும் லண்டனில் ஒரே மாடத்தில் பார்க்கலாம். களத்தில் ஆடாத அணியின் சட்டையோடு வருவதை அங்கே யாரும் தவறாக நினைப்பதில்லை. ஆகவே புதியவருக்கு லண்டன் இலகுவான இடம். ஒரு ஊரே ஒரு அணிக்காகத் தொண்டை கிழியக் கத்துவதைக் கேட்க வேண்டுமென்றால் அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும். ஆண்டுக்குச் சில ஆட்டங்களே நடப்பதால் டிக்கெட்டுக்குக் கடும் போட்டி. அதிகாரபூர்வ விற்பனை தொடங்கும் நாளை அக்கா முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கட்டும், தெருவில் விற்பவரிடம் வாங்க வேண்டாம். கைப்பேசியில் வரும் டிக்கெட்டை வீட்டிலேயே திறந்து சேமித்துக்கொள்வதும் அவசியம். வாசலில் எல்லோரும் ஒரே நேரத்தில் திறக்க முயலும்போது இணையம் திணறும்.

கேள்வி: சொந்த அணி ஆடும்போது அமைதியாக இருந்துவிட்டு, எதிரணி ஆடும்போது கத்துகிறார்களே?
– வாசகர், செங்கோட்டை

பதில்: பந்தை வைத்திருக்கும் அணியின் தலைவரான குவார்ட்டர்பேக் குரல் கொடுத்துத்தான் ஆட்டத்தைத் தொடங்குகிறார். அந்தக் குரல் சக வீரர்களுக்குக் கேட்காமல் போய், ஒருவர் அரை நொடி முந்தி அசைந்துவிட்டாலும் 5 யார்டு தண்டனை. கத்துகிற கூட்டமும் ஆட்டத்தில் ஓர் ஆள்தான். களத்தில் அணிக்கு 11 பேர் என்பதால், சியாட்டில் அணி 1984-இல் 12 என்ற எண்ணை வீரர் எவருக்கும் தராமல் ரசிகர்களுக்கே ஒதுக்கிவிட்டது. 2014-இல் கான்சஸ் சிட்டி மைதானத்தில் 142.2 டெசிபல் பதிவாகிக் கின்னஸில் ஏறியது. குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் காதுமூடி வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் வீரர் ஒருவர் அடிபட்டு விழுந்தால் அத்தனை சத்தமும் அடங்கிவிடும். அவர் எந்த அணியாக இருந்தாலும் எழுந்ததும் கைதட்டுவார்கள். தலையில் படும் அடிகள் பிற்காலத்தில் மூளையைப் பாதிப்பது குறித்த கவலை இந்த ஆட்டத்தைத் தொடர்ந்து வருகிறது. எனக்கும் அந்த உறுத்தல் உண்டு.

கேள்வி: நெரிசலுக்கு முன்பே கிளம்பிவிடலாமா?
– வாசகர், கோவிந்தாபுரம்

பதில்: பலகையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரு டச்டவுனும் கூடுதல் 2 புள்ளியும் சேர்ந்தால் 8. ஆகவே 8 புள்ளி வரையிலான வித்தியாசத்தை ஒரே தாக்குதலில் சரிசெய்துவிட முடியும். அந்த நிலையில் கடைசி இரண்டு நிமிடம் மட்டுமே கால் மணி நேரம் இழுக்கும், அதில் எழுந்து போவது வீண்செலவு. 17 புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்து கடைசிப் பகுதியில் பாதியும் கழிந்திருந்தால் தாராளமாகக் கிளம்பலாம். எப்போது கிளம்பினாலும், கூட்டத்தில் பிரிந்துபோனால் எந்த வாசலில், எந்தக் கம்பத்தடியில் சந்திப்பது என்பதை உள்ளே நுழையும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் கைப்பேசியை நம்ப முடியாது.