அமுங்க இடம் இருக்கிறதா?

வாசகர் கேள்வி–பதில்: ஸ்பிரிங், காயில்ஓவர், இன்னும் சில

சாட்ஸ்வர்த் வாசகர்: ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் 7 ஜிடிஐ வைத்திருக்கிறேன். தினமும் டர்பனுக்குள் வேலைக்குப் போய்வருகிறேன். வருடத்துக்கு மூன்று நான்கு தடவை போர்ட் ஷெப்ஸ்டன் பக்கம் டெஸ்ஸி ரேஸ்வேயில் ஓட்டுகிறேன். வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங் போதுமா, உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்–ஷாக் தொகுப்பான காயில்ஓவர்தான் வாங்க வேண்டுமா?

பதில்: எவ்வளவு தாழ்த்தலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், தாழ்த்திய பிறகு ஷாக் அமுங்க எவ்வளவு இடம் மிஞ்சும் என்று பாருங்கள். ஷாக் உள்ளே அமுங்கி, கடைசி இடியைத் தாங்கும் மெத்தைத் துண்டான பம்ப் ஸ்டாப்பைத் தொடும்வரை 60 மி.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி 35 மி.மீ. தாழ்த்தினால் மிச்சம் 25. அந்த 25-க்குள் வண்டி நிற்க வேண்டுமானால் ஸ்பிரிங் கடினமாக வேண்டும். ஸ்பிரிங் கடினமானால் அது திரும்பி எழும் வேகத்தைப் பிடித்து நிறுத்த ஷாக்குக்கும் பலம் வேண்டும். கம்பெனி ஷாக் அந்த வேலைக்குச் செய்ததல்ல.

உங்கள் வண்டியில் ஒரு கண்ணி உண்டு. ஜிடிஐ சாதாரண கோல்ஃபைவிட ஏற்கெனவே 15 மி.மீ. தாழ்ந்துதான் வருகிறது. பெட்டியில் ‘35 மி.மீ.’ என்று போட்டிருந்தால் அது எந்த வண்டியை வைத்துச் சொன்னது என்று கேளுங்கள். சாதாரண கோல்ஃபை வைத்து என்றால் உங்களுக்குக் கிடைப்பது 20 மி.மீ. சொச்சம்தான்.

ஒரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். முன்சக்கரம் ஒன்றின் மேல் ஸ்பிரிங் தாங்கும் எடை சுமார் 380 கிலோ என்று கொண்டால், ஒரு மி.மீ. அமுக்க 30 நியூட்டன் விசை கேட்கும் ஸ்பிரிங்கில் வண்டி வினாடிக்கு 1.4 தடவை ஊசலாடும். 45 நியூட்டனில் 1.7, 60-இல் 2.0. தெருவுக்கு 1.2 முதல் 1.5 வரை இதமாக இருக்கும். தெருவும் டிராக்கும் சேர்ந்தால் 1.7 பக்கம் நில்லுங்கள். 2-ஐத் தாண்டினால் தினசரி ஓட்டத்தில் முதுகு சொல்லும்.

ஆகவே வருடத்துக்கு ஓரிரு தடவை என்றால் 20–25 மி.மீ. தாழ்த்தும் நல்ல ஸ்பிரிங்கும் அதற்குப் பொருந்தும் புது ஷாக்கும் போதும் என்பேன். மூன்று நான்கு தடவை, அதுவும் நேரத்தைக் குறைக்கும் ஆசையோடு என்றால் காயில்ஓவர். ஆனால் பிரேக் பேட், டாட் 4 பிரேக் ஆயில், டயர் மூன்றையும் முதலில் முடித்துவிடுங்கள். கொதித்துப்போன பிரேக் ஆயிலோடு வளைவுக்குள் நுழைபவருக்குக் காயில்ஓவர் உதவாது.

வாங்கும்போது உயரம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். சில வகையில் ஸ்பிரிங் உட்காரும் வளையத்தை இறக்கித்தான் வண்டியைத் தாழ்த்த முடியும்; இறக்க இறக்க அமுங்கும் இடம் குறையும். வேறு சிலவற்றில் ஷாக்கின் அடிப்பகுதியே தனியாகத் திருகி நீளம் மாறும். அதில் இடம் அப்படியே இருக்கும். கூடுதல் பணம் இதற்குக் கொடுத்தால் வீண் இல்லை. டிசிசி மின்னணு ஷாக் உள்ள வண்டி என்றால், அதற்கென்றே செய்த காயில்ஓவர் வேண்டும். அல்லது எச்சரிக்கை விளக்கை அணைக்கும் சிறு மின்கருவி சேர்த்து வாங்க வேண்டும். உங்கள் காரின் பின்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி என்பதையும் மறக்க வேண்டாம். அங்கே காயில்ஓவர் என்ற பெயரில் வருவது உயரம் மாற்றும் ஸ்பிரிங் தட்டுத்தான்.

ஃபீனிக்ஸ் வாசகர்: போலோவில் 40 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டேன். ஷாக் பழையதுதான், 90,000 கி.மீ. ஓடியது. ஸ்பீட் ஹம்ப்பில் ‘டக்’ என்று இடிக்கிறது. இப்போது எண்ணெய் கசிகிறது. முன்டயர்கள் உள்பக்கம் தேய்கின்றன.

பதில்: மூன்றும் ஒரே வேர்தான். தண்டு எப்போதும் வழக்கத்தைவிட 40 மி.மீ. உள்ளே நின்று ஓடுவதால் ஒவ்வொரு குழியிலும் ஷாக் பம்ப் ஸ்டாப்பை இடிக்கிறது. பம்ப் ஸ்டாப் உதிர்ந்துபோயிருந்தால் உள்ளே வால்வே அடிவாங்கும். பிறகு சீல் தாங்காது. ஒரு கேபிள் டையைத் தண்டில் இறுக்கமாகக் கட்டி, ஷாக் உடலோடு ஒட்டத் தள்ளிவிட்டு, தூசி உறையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு உங்கள் தெருவில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். டை எவ்வளவு தூரம் மேலே போயிருக்கிறதோ அவ்வளவு தூரம் தண்டு உள்ளே போயிருக்கிறது. பம்ப் ஸ்டாப்வரை போயிருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

நீளம் குறைந்த தண்டுள்ள ஷாக், புது பம்ப் ஸ்டாப், புது மேல் மவுண்ட், பேரிங் எல்லாம் ஒரே தடவையில் மாற்றுங்கள்; கழற்றும் கூலி ஒன்றுதான். பம்ப் ஸ்டாப்பை வெட்டச் சொல்லி ஸ்பிரிங் கம்பெனி அளவு கொடுத்திருந்தால் அந்த அளவு மட்டும். டயர் தேய்வுக்குக் கேம்பரை, அதாவது முன்னிருந்து பார்த்தால் தெரியும் சக்கரச் சாய்வை, திட்டுகிறோம். பெரும்பாலும் குற்றவாளி டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. வண்டி தாழ்ந்ததும் டோ மாறிவிடும். அலைன்மென்ட் செய்யாமல் ஓட்டினால் சில ஆயிரம் கி.மீ.-க்குள் உள்விளிம்பு கம்பியைக் காட்டும்.

இன்னொன்று: சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கையின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி ஜாக்கில் தொங்கும்போது முழுசாக இறுக்கிவிடுகிறார்கள். வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சில மாதத்தில் கிழியும். சக்கரம் தரையில் நிற்கும் உயரத்தில்தான் கடைசி இறுக்கு. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் போல்ட்டுகளைப் புதிதாகவே போடுங்கள்.

ஸ்டாங்கர் வாசகர்: சிட்டி கோல்ஃப் ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டினால் போதும் என்கிறார்களே?

பதில்: வேண்டாம். வெட்டிய முனை தட்டில் சரியாக உட்காராது. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் மாறும். அறுக்கும் சூட்டில் எஃகின் பதமும் கெடும்.

டொங்காட் வாசகர்: இரண்டு வருடம் முன் போட்ட காயில்ஓவர் வளையம் இப்போது அசையவே மறுக்கிறது. சுத்தியலால் தட்டலாமா?

பதில்: கடற்காற்று ஊரில் இது அதிசயமில்லை. எஃகு உடலும் அலுமினிய வளையமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்து மரையைப் பிடித்துக்கொள்ளும். சுத்தியலால் அடித்தால் வளையத்தின் பல் உடையும்.

சக்கரத்தைக் கழற்றி வண்டியைத் தாங்கியில் நிறுத்துங்கள். வளையத்துக்கு மேலும் கீழும் தெரியும் மரையை நைலான் பிரஷ்ஷும் வெந்நீரும் கொண்டு கழுவி உலர்த்துங்கள். ஊடுருவும் எண்ணெய் தெளித்து ஓர் இரவு விடுங்கள். காலையில் ஸ்பிரிங் பாரம் வளையத்தின் மேல் இல்லாதபடி பார்த்துக்கொண்டு, கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று பொறுமையாக. அழுக்கு மரை பக்கம் திருகினால் மணல் உள்ளே போய் நிரந்தரமாகச் சிக்கும்.

விடுபட்ட பிறகு மெழுகு வகைத் துருத்தடுப்பு பூசுங்கள். கெட்டி கிரீஸ் மணலை இழுக்கும். தாமிரப் பசையை அலுமினியத்தோடு சேர்க்கவே வேண்டாம், அரிப்பு கூடும். அடுத்த தடவை வாங்கும்போது துருப்பிடிக்காத எஃகு உடலுள்ளதைப் பாருங்கள். கேடபிள்யூ போன்றவர்கள் செய்கிறார்கள். டொங்காட் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கு இது ஆடம்பரம் அல்ல.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: அடுத்த மாதம் முதல்முறையாக ஜோகன்னஸ்பர்க் பக்கம் கயலாமி டிராக்குக்குப் போகிறேன். கோல்ஃபில் காயில்ஓவர் புதிது. எங்கே தொடங்குவது?

பதில்: பூட்டி 200–300 கி.மீ. ஓட்டிய பிறகே அளவெடுங்கள், ஸ்பிரிங் படியும். பெட்ரோல் பாதி, ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்குச் சமமான பாரம். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் காற்று ஏமாற்றும். சக்கர மையத்திலிருந்து அதற்கு மேலே உள்ள மட்கார்டு விளிம்புவரை அளந்து, இடம் வலம் 3 மி.மீ.-க்குள் கொண்டுவாருங்கள். பின்தட்டை 10 மி.மீ. மாற்றினால் சக்கரத்தில் 15 மி.மீ.-க்கு மேல் மாறும். ஸ்பிரிங் கையின் நடுவில் உட்கார்ந்திருப்பதே காரணம். முன்பக்கத்தை ரொம்பத் தாழ்த்தவும் வேண்டாம். கீழ்க் கை வெளிப்பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டால் வளைவில் வண்டி இன்னும் அதிகம் சாயும், ஸ்டியரிங்கும் குழியில் தானாக இழுக்கும்.

பிறகு அலைன்மென்ட். முன் கேம்பர் மைனஸ் 2 முதல் 2.5 டிகிரி, டோ பூஜ்யம். அந்தக் கேம்பர் கிடைக்க, ஷாக்கின் தலையைப் பிடிக்கும் மேல்-பிளேட்டை மாற்ற வேண்டிவரலாம். உலோக மூட்டு வகை சத்தம் போடும், தினமும் ஓட்டுபவர் ரப்பர் வகை எடுக்கலாம். சக்கர போல்ட் 120 நியூட்டன் மீட்டர், 50 கி.மீ. கழித்து மறுபடி பாருங்கள்.

ஷாக்கின் கடினத்தை மாற்றும் திருகின் கிளிக்கை முழுக்க இறுக்கிய இடத்திலிருந்து எண்ணுங்கள், நடுவில் தொடங்குங்கள். மேட்டைத் தாண்டி வண்டி மிதந்தால் இரண்டு கிளிக் இறுக்குங்கள். டிராக் ஓரத்து கர்பில் ஏறும்போது சக்கரம் துள்ளிப் பிடி விட்டால் இரண்டு தளர்த்துங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், நோட்டில் எழுதிக்கொண்டு. கையில் நோட்டில்லாதவர் மதியத்துக்குள் குழம்பிப்போவார்.

கயலாமி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர். கடற்கரையில் 2.2 பார் அடித்த டயர் அங்கே, சூடு மாறாவிட்டாலும், 2.35 பக்கம் காட்டும். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதுதான் காரணம். டயர் குளிர்ந்திருக்கும்போது அங்கேயே அளந்து குறைத்துக்கொள்ளுங்கள். சில சுற்றுக்குப் பின் சூட்டில் 2.3 முதல் 2.5-க்குள் நிற்க வேண்டும். ஊருக்குத் திரும்ப N3 நெடுஞ்சாலையில் ஏறும் முன் மறக்காமல் காற்று நிரப்புங்கள்.

ஐசிபிங்கோ வாசகர்: இன்ஷூரன்ஸுக்குச் சொல்ல வேண்டுமா?

பதில்: பூட்டும் முன்பே சொல்லுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். டிராக் நாளுக்குக் காப்பு உண்டா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். சாதாரண பாலிசியில் பொதுவாக இருக்காது.