கிளிநொச்சியிலிருந்து பிரித்தானியாவுக்குத் தொண்டு செய்யப் போக எந்த வீசா?

ஒரு வருடம் சம்பளமில்லாமல் முதியோர் இல்லமொன்றில் சேவை செய்யப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். தொண்டுப் பணியாளர் வீசா என்றே ஒன்று இருக்கிறது, அதிகபட்சம் 12 மாதம்.

ஆனால் உங்களைக் கூப்பிடும் தொண்டு நிறுவனம் அந்நாட்டு அரசிடம் ஸ்பொன்சர் அனுமதி, அதாவது வெளிநாட்டவரைப் பணிக்கு அழைக்கும் உரிமம், பெற்றிருக்க வேண்டும். அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் பிரித்தானிய அரசின் இணையத்தளத்தில் இலவசமாகவே கிடக்கிறது. முதலில் அதில் பெயரைத் தேடுங்கள். வெறும் அழைப்புக் கடிதம் போதாது, அந்த நிறுவனம் தரும் ஸ்பொன்சர்ஷிப் சான்றிதழின் இலக்கம் வேண்டும். வன்னியில் கடிதத்தை மட்டும் காட்டிக் காசு கேட்கும் முகவர்களுக்கு, காணி ஈடு வைத்துக் கொடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து.

சரி, மற்றவை: உங்கள் வங்கிக் கணக்கில் 1,270 பவுண் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும், அல்லது ஸ்பொன்சர் பொறுப்பேற்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேலென்றால் காசநோய்ச் சோதனையும் உண்டு. கடவுச்சீட்டுக்கு வவுனியா அலுவலகத்திலேயே விண்ணப்பிக்கலாம்.