முட்டை யாருக்கு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, மூன்று பிள்ளைகளில் நான் நடுவள். 'ரிப்ளை 1988' கொரியத் தொடரில் தொக்சுன் பிறந்தநாளன்று வெடித்து அழுததைப் பார்த்து எனக்கும் அழுகை வந்துவிட்டது. அம்மாவிடம் சொன்னால், "உனக்கு என்ன குறை வச்சோம்?" என்கிறாள். அந்த அப்பா மாதிரி நம்ம ஊரில் யாராவது பிள்ளையிடம் வருத்தம் சொல்வார்களா?
– ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: அந்த அழுகை தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதைக் கவனித்திருப்பீர்கள். வீட்டில் பொரித்த முட்டை இரண்டுதான். ஒன்று அக்கா போராவுக்கு, ஒன்று தம்பி நோவுலுக்கு. கோழிக்கால் இரண்டும் அவர்களுக்கே போய்விடும். வீட்டைச் சூடாக்க எரிக்கிற நிலக்கரி வில்லையின் நச்சுப்புகை ராத்திரி வீட்டுக்குள் பரவும்போது, மூத்தவளையும் கடைக்குட்டியையும் அப்பாவும் அம்மாவும் வெளியே இழுத்து வருகிறார்கள். நடுவள் தானாகத் தவழ்ந்து வந்து சேர்கிறாள். சியோல் ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவில் மடகாஸ்கர் நாட்டின் பெயர்ப்பலகையை ஏந்தி நடக்க ஆசை ஆசையாகப் பழகுகிறாள். அந்த நாடு போட்டியையே புறக்கணித்துவிடுகிறது. இதெல்லாம் போதாதென்று, அக்காவுக்கு ஏற்றிய கேக்கிலேயே மெழுகுவர்த்தியைக் குறைத்துவிட்டு இவளுக்கும் வாழ்த்துப் பாடுகிறார்கள். சின்ன வயதிலிருந்து நடப்பதுதான், வேண்டாம் என்று முன்கூட்டியே கெஞ்சியும் இருந்தாள். அழாமல் என்ன செய்வாள்?

அப்பா கெட்டவர் இல்லை. வங்கியில் வேலை, ஆனால் நண்பருக்கு ஜாமீன் போட்ட கடன் சம்பளத்தைத் தின்கிறது. அதனால்தான் பாதி தரைக்குக் கீழே இருக்கிற வாடகை வீடு, அதனால்தான் இரண்டே முட்டை. அன்றைக்கு ராத்திரி அவர் மகளுக்கென்று தனியாக ஒரு கேக் வாங்கி வந்து, சந்தில் உட்கார்ந்து, தனக்கும் அப்பாவாக இருப்பது இதுதான் முதல் தடவை, தெரியாமல் செய்துவிட்டேன் என்று மகளிடம் சொல்கிறார். அப்பாவாக நடிக்கும் சோங் தோங்-இல் அந்த இடத்தில் குரலை உயர்த்தவே இல்லை.

நம்ம பக்கத்து அப்பாக்கள் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. என் அப்பா காலையில் கோபப்பட்டு அடித்திருந்தால், சாயங்காலம் லாலா கடை அல்வாப் பொட்டலம் ஒன்று பட்டாசலில் இருக்கும். அதுதான் அவருடைய மன்னிப்பு. ஆனால் அடி வாங்கியது ஒருத்தி, அல்வா எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்காகிவிடும். தொக்சுனின் அப்பா வாங்கி வந்த கேக் அவளுக்கு மட்டும். அந்தக் காட்சி உங்களையும் என்னையும் இப்படிப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் அதுவென்றே நினைக்கிறேன்.

அம்மாவிடம் பொத்தாம்பொதுவாகச் சொன்னால், "என்ன குறை?" என்றுதான் பதில் வரும். ஒரு நாளைச் சொல்லுங்கள், ஒரு பொருளைச் சொல்லுங்கள். அக்காவின் பழைய பாவாடையோ, தம்பிக்கு மட்டும் வந்த சைக்கிளோ, எது மனசில் கிடக்கிறதோ அது. தொக்சுனும் தனக்கு முட்டை பிடிக்கும் என்றுதானே சொன்னாள். அப்புறம் உங்கள் அம்மா அவள் பிறந்த வீட்டில் எத்தனையாவது பிள்ளை, அவளுக்கு என்ன மிஞ்சியது என்பதையும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: மாமியார் கொடுமை இல்லை, வில்லி இல்லை. ஒவ்வொரு பாகமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. இதில் அப்படி என்னதான் இருக்கிறது?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: ஒரு சந்து இருக்கிறது. சியோலின் வடக்குப் பக்கம், சங்முன்-தோங். சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகள் கிண்ணமும் தட்டுமாக வீட்டுக்கு வீடு ஓடுகிறார்கள். கொண்டுபோன கிண்ணம் வேறொரு கறியோடு திரும்பி வருகிறது. நான் நெல்வேலி டவுனில் ஒரு வளவில் வளர்ந்தவள். நடுவில் ஒரு முற்றம், எல்லா வீட்டுக்கும் ஒரே கிணறு. சொதி வைத்த அன்றைக்குத் தூக்குவாளியோடு நான்தான் ஓடுவேன். பாத்திரத்தைச் சும்மா திருப்பித் தரக்கூடாதென்று எதிர்வீட்டு ஆச்சி ஒரு கை உளுந்தாவது போட்டு அனுப்புவாள். இது எந்த ஊர்க் கதை என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வில்லி இல்லாததால்தான் சின்ன விஷயங்கள் பெரிதாகத் தெரிகின்றன. அதே சந்தில் இருக்கும் தொக்சுனின் தோழன் ஜங்-ஹ்வானின் அம்மாவாக ரா மி-ரான் நடிக்கிறார். லாட்டரி விழுந்து பணக்காரர்களான வீடு, அந்தச் சந்து முழுவதையும் அதட்டுகிற பெண்மணி. பாஸ்போர்ட் விஷயம் வரும்போதுதான் அவளுக்கு ஆங்கில எழுத்து தெரியாதென்று மகனுக்குத் தெரிகிறது. அவள் பிறந்த வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது வீடு ஒழுங்காக இருக்கிறது. தான் இல்லாமலும் நடக்கிறதே என்று முகம் வாடிப்போகிறாள். ஜங்-ஹ்வான் அதைக் கண்டுகொண்டு, அவளுக்கு வேலை வைக்கிற மாதிரி எதையாவது குழப்பிவைக்க ஏற்பாடு செய்கிறான். அவள் அதட்டியபடி சரிசெய்யக் கிளம்பும்போது அந்த முகத்தைப் பாருங்கள்.

அதே சந்தில் இருக்கும் இன்னொரு தோழன் சொன்-வூவின் அம்மாவைப் பெற்றவள் ஊரிலிருந்து வருகிறாள் என்றதும், அக்கம்பக்கத்துச் சாமான்களை வாங்கி வைத்து வறுமையை மறைக்கிறார்கள். கிழவிக்கா தெரியாது? ஒரு வார்த்தை கேட்கவில்லை, பணத்தை ஓரமாக வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். எந்த அம்மாவும் பெரிதாக வசனம் பேசுவதில்லை. லீ வூ-ஜோங்கின் எழுத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

கேள்வி: சாவு வீட்டில் சீட்டாடிச் சிரிக்கிறார்களே, இதென்ன பழக்கம்?
– ஓய்வுபெற்ற ஊழியர், தென்காசி

பதில்: தொக்சுனின் பாட்டி இறக்கும் இரண்டாம் பாகத்தைச் சொல்கிறீர்கள் அண்ணாச்சி. துக்கம் கேட்க வருபவர்களுக்குச் சாப்பாடும் மதுவும் கொடுத்து, ராத்திரி முழுக்க ஆள் குறையாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் முறை. பெரியவர்கள் இப்படிச் சிரிக்கிறார்களே என்று பிள்ளைகளும் திகைக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து மூத்த அண்ணன் வந்து வாசலில் நின்றதும் அத்தனை பேரும் உடைந்துபோகிறார்கள். நம்ம வீடுகளிலும் பம்பாயிலிருந்து மூத்தவன் வரட்டும் என்று காத்திருக்கும் ராத்திரியில் பந்தலுக்கடியில் சீட்டுக்கட்டு புரள்வதும் ஊர்க்கதை ஓடுவதும் உண்டு. அவன் வந்து இறங்கியதும், அதுவரை நீர்மாலைக்கு ஆள் சொல்லிக்கொண்டு நின்ற தம்பி அவனைக் கட்டிக்கொண்டு கதறுவான்.

கேள்வி: எத்தனை பாகம்? ஆச்சியோடு உட்கார்ந்து பார்க்கலாமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: 20 பாகங்கள். 2015 நவம்பரிலிருந்து 2016 ஜனவரி வரை ஒளிபரப்பானது, இயக்கம் ஷின் வோன்-ஹோ. தொக்சுனின் கணவர் யார் என்ற புதிரைக் கடைசிவரை இழுப்பார்கள். எனக்கு அந்தப் பகுதியில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. காதல் காட்சிகளும் குடிக்கிற காட்சிகளும் உண்டு, முகம் சுளிக்கும்படி இருக்காது. ஆச்சிக்குக் கீழே ஓடுகிற எழுத்தை வாசிக்கச் சிரமமென்றால், நிறுத்தி நிறுத்தி நீங்கள் கதை சொல்லுங்கள். சமையல் காட்சிகளுக்கு அதுவும் தேவைப்படாது.