பழைய சைக்கிள்: பெயின்ட் காய்ந்த பிறகு

கேள்வி: 28 இஞ்ச் ராலே சைக்கிள். துரு தேய்த்து, பிரைமர் போட்டு, கறுப்பு எனாமல் அடித்து நான்கு நாள் ஆகிறது. தொட்டால் ஒட்டவில்லை. எல்லாவற்றையும் பூட்டிவிடலாமா?
– வாசகர், ஆற்காடு

பதில்: பொறுங்கள். காய்ந்திருப்பது மேல்தோல் மட்டும்தான். காற்றில் காயும் எனாமல் அடிவரை இறுக மூன்று வாரமாவது பிடிக்கும். அதற்குள் நட்டை முடுக்கினால் வாஷர் பெயின்டையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு போகும். சீக்கிரம் காயட்டும் என்று நம்ம ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் வைத்துவிடாதீர்கள். மேலே ஏடு கட்டி, உள்ளே தின்னர் சிக்கி, கொப்புளம் கிளம்பும். தூசி வராத அறையில் தொங்கவிடுவதே நல்லது. பி.பி. ஷெல்லின் (பெடல் ஆக்சில் ஓடும் குழாய்) அடியில், கண்ணில் படாத இடத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தாலும், கிட்டே முகர்ந்தால் தின்னர் வாசம் வந்தாலும் இன்னும் ஒரு வாரம் விடுங்கள்.

பூட்டுவதற்கு முன் மூன்று இடத்தில் பெயின்டைச் சுரண்டியே ஆக வேண்டும்: ஹெட் கப் (ஹேண்டில் திரும்பும் பால்ரஸ் கிண்ணம்) உட்காரும் குழாய் வாய், பி.பி. மரை, சக்கர ஆக்சில் உட்காரும் காடி. குழாய் வாயில் பெயின்ட் இருந்தால் கப் சாய்ந்து இறங்கும். ஹேண்டில் ஒரு பக்கம் லேசாகவும் மறுபக்கம் இறுக்கமாகவும் திரும்பும்.

கேள்வி: மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் "டக்" என்கிறது. காட்டர் பின் (கிராங்கை ஆக்சிலோடு பிணைக்கும் ஆப்பு) இரண்டு முறை மாற்றியும் பத்து நாளில் லூஸ் ஆகிறது. ஏன்?
– வாசகர், காட்பாடி

பதில்: முதலில் சத்தம் எங்கே என்று பாருங்கள். ஒரு கிராங்கை, அதாவது பெடல் மாட்டிய கையை, பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். எதிர்ப்பக்கக் கிராங்கும் சேர்ந்து ஆடினால் பி.பி. கப் லூஸ். பிடித்தது மட்டும் ஆடினால் அந்தப் பக்கத்துக் காட்டர் பின்தான்.

புதுப் பின்னின் சரிவு உங்கள் ஆக்சிலின் தட்டைப் பகுதியோடு முழுக்கப் பொருந்தும் என்று நம்பிப் போட்டால் இப்படித்தான் ஆகும். ஒரு ஓரம் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். நாலு மேடு ஏறினால் அந்த ஓரம் நசுங்கி, காட்டர் பின் ஆடும். சரிவின் மேல் மெழுகுவத்திப் புகையைப் பிடித்துக் கருப்பாக்குங்கள். ஓட்டையில் விட்டு லேசாகத் தட்டி, திரும்ப எடுங்கள். கரி அழிந்த இடம்தான் ஆக்சிலைத் தொடும் இடம். அங்கே மட்டும் தட்டை அரத்தால் நாலைந்து இழுப்பு. மறுபடி கரி, மறுபடி தட்டு. சரிவில் பாதிக்கு மேல் கரி அழியும் வரை இதையே செய்யுங்கள். அரை மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு ஒரேயடியாக அரத்தைப் போட்டால் பின் ஆழமாக இறங்கி, இரண்டு கிராங்கும் நேர்க்கோட்டில் நிற்காது.

அடிக்கும்போது கிராங்கின் அடியில் கனமான இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக் கொடுங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் அதிர்ச்சி முழுக்க பால்ரஸ் மேல் இறங்கி, கப்பில் குழி விழும். இரண்டு பின்னும் எதிரெதிர் திசையில் இருக்க வேண்டும். நட்டை முடுக்கிப் பின்னை இழுக்கப் பார்க்காதீர்கள், மரைதான் போகும். சுத்தியால் உட்கார வைத்த பின்னைப் பிடித்துக்கொள்ளத்தான் நட்டு. ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு தட்டு, நட்டுக்கு இன்னொரு முடுக்கு. பெரும்பாலான பழைய இங்கிலீஷ் சைக்கிள்களில் பின் 9.5 மி.மீ.; ஆனாலும் பழையதை வெர்னியரில் அளந்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: பால்ரஸ் எல்லாம் ஒரே டப்பாவில் கலந்துவிட்டது. எதற்கு எத்தனை?
– வாசகர், குடியாத்தம்

பதில்: பழையதைப் போடவே வேண்டாம், புதுசு வாங்குங்கள். முன் ஹப்புக்கு 3/16 இஞ்ச், பக்கத்துக்கு 10. பின் ஹப்புக்கு 1/4 இஞ்ச், பக்கத்துக்கு 9. பி.பி.க்கு 1/4 இஞ்ச், பக்கத்துக்கு 11. சாதா ஹப் உள்ள பழைய இங்கிலீஷ் சைக்கிளில் பெரும்பாலும் இந்தக் கணக்குதான். கிரீஸில் பதித்து வரிசை நிரம்பியதும் ஒரு குண்டு நுழையாத அளவுக்குக் கொஞ்சம் இடைவெளி இருக்க வேண்டும். நெருக்கித் திணித்தால் குண்டோடு குண்டு தேயும்.

பி.பி.யில் செயின் பக்கக் கப் இடது மரை (எதிர்த்திசையில் முடுக்க வேண்டியது) என்பதை மறக்காதீர்கள். ராலே என்றால் இன்னொரு எச்சரிக்கை: பல ராலேக்களில் அந்த மரை இஞ்சுக்கு 26, மற்றவற்றில் 24. வேறு கப் இரண்டு சுற்று நுழைந்து இறுகினால் அங்கேயே நிறுத்துங்கள். ஸ்பானர் போட்டால் ஃபிரேமின் மரையே போய்விடும்.

கேள்வி: தோல் சீட் வெடித்துவிட்டது. இரும்புச் சட்டம் நன்றாக இருக்கிறது. இங்கே கிடைக்கும் ஷூ தோலை மாட்டலாமா?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: ஷூ மேல்பாகத்துக்குப் போகும் தோல் பெரும்பாலும் குரோம் பதனிட்டது. வெட்டிய ஓரம் நீலச் சாம்பல் நிறமாக இருந்தால் அதுதான். மெத்தென்று இருக்கும், இழுத்தால் நீளும். சீட்டுக்குப் போட்டால் சில மாதத்தில் தூளிபோல் தொங்கிவிடும். உங்களுக்கு வேண்டியது பட்டை பதனிட்ட தோல். ஆவாரம்பட்டையில் பதனிடுவது நம் பக்கத்துப் பழைய தொழில். ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் இருந்துகொண்டு இதை விட்டுவிட்டு வேறு தேட வேண்டாம். மாட்டுத் தோல், முதுகுப் பகுதி, 5 மி.மீ. கனம். வயிற்றுப் பகுதி வேண்டாம், நீளும்.

வெதுவெதுப்பான நீரில் குமிழி அடங்கும் வரை ஊறவைத்து, சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டி, நிழலில் மூன்று நாள் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் சுருங்கி விறைக்கும். பிறகு செம்பு ரிவெட். அலுமினியம் பாப் ரிவெட் தாங்காது. மூக்கில் இருக்கும் இழுப்பு நட்டை முழுக்கத் தளர்த்தி வைத்துத் தொடங்குங்கள். அடிப்பக்கத்தில் மெழுகு தடவினால் போதும்.

கேள்வி: 28 இஞ்ச் டயர் என்று வாங்கினேன், ரிம்மில் ஏறவே இல்லை.
– வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: உங்களுக்கு வேண்டியது 28 x 1½, டயரின் பக்கத்தில் 635 (ரிம்மில் டயர் உட்காரும் விட்டம், மி.மீ.) என்று இருக்கும். 700சி டயரையும் 28 என்றே விற்கிறார்கள், அது 622. மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப். லிவர் 2இல் இருக்கும்போதே திடீரென்று பெடல் சும்மா சுற்றுகிறது. ஹப் போய்விட்டதா?
– வாசகர், வாணியம்பாடி

பதில்: ஏ.டபிள்யூ. மாடல் ஹப் என்றால் பயப்படாதீர்கள். அதில் 2க்கும் 3க்கும் நடுவே எதுவும் பிடிக்காத ஓர் இடம் அமைப்பிலேயே உண்டு. கேபிள் தளர்ந்தால் 2 அங்கே வழுக்கிவிடும். இந்த நிலையில் நின்றுகொண்டு மிதிக்காதீர்கள். கால் சறுக்கினால் பார் மேல் விழுவீர்கள். லிவரை 2இல் வைத்து, வலப்பக்க ஆக்சில் நட்டில் இருக்கும் ஓட்டை வழியே பாருங்கள். உள்ளே சின்னச் செயினோடு இணைந்த கம்பியின் தோள், ஆக்சிலின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். உள்ளே தள்ளி இருந்தால் கேபிள் முனையில் உள்ள அட்ஜஸ்டரை இறுக்கி, லாக் நட்டைப் பூட்டுங்கள். ஹப்பின் எண்ணெய் மூடியைத் திறந்து ஒரு டீஸ்பூன் 30 கிரேடு மோட்டார் ஆயில் விடுங்கள். தேங்காய் எண்ணெய் கூடாது. அது பிசினாக இறுகி, உள்ளே இருக்கும் பூனை முடி போன்ற ஸ்பிரிங்குகளை அசையவிடாமல் ஒட்டிவிடும்.