4,000 வாட் ஃபிஷ் ஃபைண்டர்: பெட்டியில் போட்டிருப்பதை நம்பலாமா?

ஃபிஷ் ஃபைண்டர் என்பது தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, திரும்பும் எதிரொலியை வைத்து அடியில் இருப்பதைத் திரையில் காட்டும் கருவி. சின்னப் படகில் கழற்றி மாட்டும்படி அதை அமைப்பது பற்றிக் கேட்டவர்களுக்கான பதில்கள்.

கேள்வி: துடுப்புப் படகுதான். பேட்டரியோடு ஒரே பெட்டியில் வைத்துத் தூக்கிப்போகும்படி செய்ய ஆசை. எதில் காசை மிச்சம் பிடிக்கலாம்?

பதில்: பெட்டியிலும், டிரான்ஸ்டியூசரை (ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் பகுதி) தண்ணீருக்குள் இறக்கிப் பிடிக்கும் தண்டிலும் மிச்சம் பிடியுங்கள். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, ஒரு பி.வி.சி. குழாய், படகின் விளிம்பைக் கவ்வ ஒரு கிளாம்ப், இவ்வளவு போதும். உறிஞ்சி ஒட்டும் ரப்பர் கப் மட்டும் வேண்டாம். நான் வாங்கியது வெயிலில் இறுகிப்போய், படகு ஓடும்போதே கழன்று, டிரான்ஸ்டியூசர் கேபிளில் தொங்கியது.

பேட்டரியில் கஞ்சத்தனம் கூடாது. கருவி எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று கையேட்டில் பாருங்கள். 1 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், 7 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி மூன்றரை மணி நேரத்துக்குத்தான் கணக்கு, ஏனென்றால் அதைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். அதே அளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம், எடையும் பாதிதான். அப்புறம், கையேடு சொல்லும் ஃபியூஸை பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒட்டியே போடுங்கள். கருவிப் பக்கம் போட்டால், நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது உதவாது.

கேள்வி: கடையில் போட்டுக் காட்டியபோது திரை முழுக்க மீன். படகில் மாட்டினால் வெறும் கோடு. "ஓடியதைப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்று திருப்பி வாங்க மறுக்கிறார்கள்.

பதில்: உங்கள் மேல் தவறே இல்லை. மேசைமேல் இருந்த கருவிக்குக் கீழே தண்ணீர் ஏது, மீன் ஏது? அவர்கள் காட்டியது சிமுலேட்டர், அதாவது உள்ளேயே பதிந்து வைத்த மாதிரிப் படம். பழகிக்கொள்வதற்காக வைத்த அந்த வசதியைக் காட்டி, கருவி வேலை செய்கிறது என்று விற்பது அப்பட்டமான ஏமாற்று. முதலில் மெனுவில் சிமுலேட்டர் அணைந்திருக்கிறதா, டிரான்ஸ்டியூசரின் முகம் முழுதும் தண்ணீருக்குள் நேராகக் கீழ்நோக்கி இருக்கிறதா, பிளக் கடைசிவரை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியும் வெறும் கோடுதான் என்றால் அதை வீடியோ எடுத்து, பில்லோடு, மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் விட்டுவிடாதீர்கள். மறுத்தால் நுகர்வோர் குறைதீர்ப்புக்குப் போங்கள்.

கேள்வி: ஒன்றில் 500 வாட், இன்னொன்றில் 4,000 வாட். விலை ஏறக்குறைய ஒன்றுதான். 4,000 வாட்டையே வாங்கிவிடலாமா?

பதில்: இரண்டும் ஒரே சக்தியாக இருக்கலாம். எத்தனை பேர் இதில் விழுகிறார்கள் என்று நினைத்தால் கோபம்தான் வருகிறது. கருவி அனுப்பும் மின் அலையின் உச்சியிலிருந்து பள்ளம்வரை அளந்து சொல்வது பீக்-டு-பீக் வாட். ஆர்.எம்.எஸ். வாட் என்பது அந்த அலையின் சராசரி சக்தி, அதில் எட்டில் ஒரு பங்கு. 4,000-ஐ 8-ஆல் வகுத்தால் 500! ஒருவர் சின்ன எண்ணைப் போடுகிறார், இன்னொருவர் பெரிய எண்ணைப் போட்டு, எந்தக் கணக்கு என்பதைப் பொடி எழுத்தில் தள்ளிவிடுகிறார். நேர்மையாகப் போட்டவரின் பெட்டி கடையிலேயே தங்கிவிடுகிறது. ஆர்.எம்.எஸ். எண் எங்குமே இல்லாத கருவியை நான் வாங்க மாட்டேன், நீங்களும் வாங்காதீர்கள்.

"இத்தனை மீட்டர் ஆழம் பார்க்கும்" என்ற வாசகத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உப்புத் தண்ணீர் ஒலியை நன்னீரைவிட அதிகம் விழுங்கும். சின்னப் படகு போகும் ஆழத்துக்குச் சக்தியைவிட அலைவரிசைதான் முக்கியம். 200 கிலோஹெர்ட்ஸ் ஆழம் குறைந்த இடத்தில் நுணுக்கமாகக் காட்டும். 50 கிலோஹெர்ட்ஸ் ஆழமாகப் போகும், ஆனால் விவரம் குறையும். டிரான்ஸ்டியூசரிலிருந்து ஒலி கூம்பு போலக் கீழே விரிந்து போகும். அந்த ஒலிக்கூம்பின் கோணத்தையும் கேளுங்கள். 20 டிகிரி என்றால், 10 மீட்டர் ஆழத்தில் நீங்கள் பார்ப்பது சுமார் மூன்றரை மீட்டர் வட்டம் மட்டுமே. படகுக்குப் பக்கவாட்டில் இருக்கும் மீன் எத்தனை வாட் போட்டாலும் அதில் தெரியாது.

கேள்வி: டிரான்ஸ்டியூசர் கேபிள் ரொம்ப நீளம். வெட்டி ஒட்டினேன். இப்போது படம் முழுக்கப் புள்ளி. வாரண்டி கிடைக்குமா?

பதில்: எதிர்பார்க்காதீர்கள். வெட்டக் கூடாது என்று கையேட்டிலேயே இருக்கும். மிச்சக் கேபிளைச் சுருட்டி, பவர் வயருக்குத் தள்ளிக் கட்டியிருந்தால் போதும். கையேட்டைப் படிக்காமல் கத்தியை எடுத்துவிட்டு எனக்கு எழுதி என்ன பயன்?

கேள்வி: டிரான்ஸ்டியூசரைப் படகின் உள்தரையிலேயே ஒட்டிவிடலாமா?

பதில்: கெட்டி ஃபைபர் தரையென்றால், காற்றுக்குமிழி இல்லாமல் எபாக்ஸிப் பசையில் ஒட்டலாம். நடுவில் ஃபோம் அல்லது மரம் இருந்தால் கூடாது.

கேள்வி: திரையில் மீன் சின்னம் வந்த இடத்திலெல்லாம் தூண்டில் போட்டேன். ஒன்றுகூடச் சிக்கவில்லை. கருவி பழுதா?

பதில்: பழுதாக இருக்காது. மீன் சின்னத்தை அணைத்துவிடுங்கள். கருவிக்குக் கிடைப்பது எதிரொலி மட்டும்தான். மிதக்கும் பாசியோ, குமிழ்க் கூட்டமோ, நடுநீரில் எது எதிரொலித்தாலும் மென்பொருள் அதற்கு மீன் படம் போட்டுவிடலாம். சின்னம் இல்லாமல் வளைவுகளைப் பார்த்துப் பழகுங்கள். ஒலிக்கூம்பைக் கடக்கும் மீன் முதலில் தூரமாகவும், நடுவில் கிட்டவும், மறுபடி தூரமாகவும் பதிவதால்தான் அந்த வளைவு வருகிறது. இன்னொன்று, திரையின் வலது ஓரம்தான் இப்போது படகுக்கு அடியில் இருப்பது. இடப்பக்கம் தெரிவதெல்லாம் நீங்கள் தாண்டி வந்த இடம். அங்கே தெரிந்த மீனுக்குப் படகடியில் தூண்டில் போட்டால் எப்படிச் சிக்கும்?