காது கேளாத டெய்லரைப் பணியில் சேர்ப்பது எப்படி?

கேள்வி: திருப்பூரில் 45 தொழிலாளர்களுடன் பனியன் நிறுவனம் நடத்தி வருகிறேன். பிறவியிலேயே காது கேளாத, வாய் பேச இயலாத பெண் ஒருவர் ஓவர்லாக் (துணியின் ஓரங்களைச் சேர்த்துத் தைக்கும் மிஷின்) டெய்லர் வேலை கேட்டு வந்திருக்கிறார். வேறு நிறுவனத்தில் வேலை பார்த்த அனுபவமும் அவருக்கு உண்டு. கூப்பிட்டால் கேட்காது, தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்று சூப்பர்வைசர் தயங்குகிறார். தனியார் நிறுவனங்களுக்கும் இட ஒதுக்கீடு உண்டா? சேர்த்துக்கொண்டபின் வேலை சரியாக அமையாவிட்டால் சட்டச் சிக்கல் வருமா?

பதில்: முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அரசுப் பணிகளில் 4 விழுக்காடு இட ஒதுக்கீட்டைக் கட்டாயமாக்குகிறது. தனியார் துறையைப் பொறுத்தவரை, மொத்தப் பணியாளர்களில் குறைந்தது 5 விழுக்காட்டினர் 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடுடையவர்களாக இருக்கும் வகையில் அரசுகள் தம் நிதி வசதிக்கு ஏற்ப ஊக்கச் சலுகைகள் வழங்க வேண்டும் என்று மட்டுமே அது கூறுகிறது. ஆகவே இத்தனை பேரைச் சேர்த்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் தங்களுக்கு இல்லை. ஆனால் இதைக் கேட்டவுடன் நிம்மதியாகிவிடும் முதலாளிகள் கவனிக்கத் தவறும் பகுதி ஒன்று உண்டு. குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாகுபடுத்தக் கூடாது என்ற விதியிலிருந்து தனியார் நிறுவனங்கள் விலக்கப்படவில்லை. அளவுக்கு மீறிய சுமையை ஏற்படுத்தாத நியாயமான வசதி மாற்றங்களைச் செய்து தர மறுப்பதையும் சட்டம் பாகுபாடு என்றே வரையறுக்கிறது. சட்டத்தையோ அதன் விதிகளையோ மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த மீறல்களுக்கு 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கலாம்.

தங்கள் சூப்பர்வைசரின் தயக்கம் இயல்பானது. எனினும் அவர் நபரைப் பார்த்து அஞ்சுகிறாரே தவிர, வேலையைப் பிரித்துப் பார்க்கவில்லை. ஓவர்லாக் மிஷினில் அமரும் ஒருவர் நாள் முழுதும் செய்வதைத் தனித்தனியாக எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்: கட்டிங் முடிந்து வந்த பீஸ்களை எடுப்பது, நூல் கோப்பது, தையல் அகலம் பார்ப்பது, அடித்த பீஸ்களை எண்ணிக் கட்டுவது. இவற்றில் எதற்கும் காது தேவையில்லை. ஊசி முறிவதையும் நூல் அறுவதையும் கையும் கண்ணுமே முதலில் கண்டுகொள்கின்றன. பத்திருபது மிஷின்கள் ஒருசேர ஓடும் இடத்தில் காது கேட்பவருக்கும் அந்த ஒலி தனியாகக் கேட்டுவிடுவதில்லை. காது தேவைப்படும் இடங்கள் சில உண்டு: ஸ்டைல் மாறும்போது சொல்லப்படும் விளக்கம், செக்கிங்கிலிருந்து திரும்பி வரும் பீஸுக்கான காரணம், ஓவர்டைம் அறிவிப்பு, மெக்கானிக்கின் எச்சரிக்கை, அபாய மணி. தாங்கள் மாற்ற வேண்டியவை இவை மட்டுமே.

ஸ்டைல் விளக்கத்துக்குச் சரியாக அடித்த ஒரு பீஸையும் தவறாக அடித்த ஒரு பீஸையும் அருகருகே மாட்டி வைத்தால் போதும். திரும்பி வரும் பீஸில் தவறான இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டுக் காட்டலாம். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதி அனுப்பிவிட்டால் விஷயம் சென்று சேர்ந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். பிறவியிலேயே காது கேளாதோர் பலருக்குச் சைகை மொழியே முதல் மொழி என்பதால், எழுத்துத் தமிழ் அவர்களில் சிலருக்குப் பள்ளியில் கற்ற இரண்டாம் மொழியாகவே இருக்கும். எனவே நேரம், எண்ணிக்கை, படம் என்று சுருக்கமாக அனுப்புங்கள். புது தில்லியில் இயங்கும் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 10,000 சொற்கள் கொண்ட காணொளி அகராதியை வெளியிட்டுள்ளது. ஆயினும் அளவு, நிறம், நூல், நிறுத்து, விடுப்பு போன்ற அன்றாடச் சொற்களுக்கான சைகைகளை அந்தப் பெண்ணிடமிருந்தே லைனில் இருப்பவர்கள் கற்றுக்கொள்வதுதான் விரைவான வழி.

பாதுகாப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவருடைய மிஷினைச் சுவரைப் பார்த்துப் போடாமல், வாசலும் நடைபாதையும் கண்ணில் படும்படி போடுங்கள். அபாய மணியுடன் விட்டு விட்டு ஒளிரும் விளக்கு ஒன்றை இணைக்க எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். கழிவறையிலும் ஒன்று அவசியம், ஏனெனில் தனியாக இருக்கும்போதுதான் ஆபத்து அதிகம். மிஷினைப் பழுது பார்க்கும்போது மெயினை அணைத்து, வேலை முடிந்து மீண்டும் போடுவதற்கு முன் அவர் பார்க்கும்படி கையசைத்த பிறகே போட வேண்டும் என்ற வழக்கத்தை மெக்கானிக்கிடம் கறாராக ஏற்படுத்துங்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் அவசரக் காலத்தில் அவரைத் தோளில் தட்டி அழைத்துச் செல்லும் பொறுப்பை இருவரிடம் ஒப்படையுங்கள். ஒருவர் மட்டும் என்றால் அவர் விடுப்பெடுக்கும் நாளில் ஏற்பாடு குலைந்துவிடும்.

நிறுவனங்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது புகார் வழியை. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தலை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். பேசவோ எழுதவோ இயலாத ஒரு பெண் அந்தக் குழுவிடம் தன் குறையை எப்படித் தெரிவிப்பார் என்பதை அவர் சேரும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

தேர்வுக்குத் தனி முறை எதுவும் வேண்டாம். எல்லா டெய்லரிடமும் செய்வதுபோல் சாம்பிள் பீஸ் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். உடன் வந்த தாயிடமோ அண்ணனிடமோ பேசி முடிவெடுக்காமல் அவரையே பார்த்துக் கேளுங்கள். பீஸ் ரேட்டில் ஒரு பைசாவும் குறைக்காதீர்கள். தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யில் சேர்வதற்கான மாத ஊதிய வரம்பு மற்றவர்களுக்கு 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 ரூபாய் என்பதால், அவருடைய ஊதியம் உயரும்போது அந்த வேறுபாட்டைத் தங்கள் கணக்காளர் கவனித்துக்கொள்ள வேண்டும்.

வேலை சரியாக அமையாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். மற்றவர்களுக்கு உள்ள பயிற்சிக் காலமும் உற்பத்தி அளவும் அவருக்கும் பொருந்தும். சலுகை மதிப்பீடு யாருக்கும் நன்மை செய்வதில்லை. ஆனால் மேற்சொன்ன மாற்றங்களைச் செய்து கொடுத்தீர்களா, எப்போது செய்தீர்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். விளக்கமே சென்று சேராத ஒருவரின் குறைந்த உற்பத்தியைத் திறமையின்மை என்று பதிவு செய்தால், புகார் எழும்போது அந்தப் பதிவே தங்களுக்கு எதிராக நிற்கும்.

கடைசியாக, அவரைச் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் தாங்கள் செய்தாக வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி, பார்வைக்கு வைத்து, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். 20 பேரும் அதற்கு மேலும் இருக்கும் நிறுவனங்களில், பொருத்தமான பணிகளின் பட்டியலும் மாற்றுத்திறனாளிகளின் தேவைகளைக் கவனிக்கும் தொடர்பு அலுவலரின் நியமனமும் அதில் இடம்பெற வேண்டும் என்று மேற்சொன்ன சட்டத்தின் 2017ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அந்தப் பொறுப்பைத் தயங்கி நிற்கும் சூப்பர்வைசரிடமே உடனே கொடுத்துவிட வேண்டாம். தற்போதைக்கு, லைனில் எல்லோரிடமும் இயல்பாகப் பழகும் மூத்த டெய்லர் ஒருவரோ அலுவலக உதவியாளரோ அதற்குப் பொருத்தமாக இருப்பார்.